பைங்கிளி பறந்த மலைகளும் பாலக்காட்டுக் கணவாயும்: எல்லைப்புறக் காதல் கதைகளும் அவற்றை எழுதியவர்களும்

பாலக்காடு என்று சொன்னால் நம்மவர்க்கு உடனே நினைவுக்கு வருவது செம்பை வைத்தியநாத பாகவதர், பாலக்காடு மணி ஐயர், கல்பாத்தித் தேர். இடுக்கி என்றால் தேயிலை, ஏலக்காய், முல்லைப் பெரியாறு. இந்த இரண்டு மாவட்டங்களின் கிழக்கு ஓரம் முழுக்கத் தமிழ் பேசுகிறவர்கள் வாழ்கிறார்கள். பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம். இடுக்கிப் பக்கம் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு. இரண்டுக்கும் நடுவில் ஆனைமலை, வால்பாறை. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழகத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாநிலத்தில் இருந்த பாலக்காடு அன்று கேரளமாயிற்று. அரசியல் வரலாற்றை எழுதியவர்கள் இதையெல்லாம் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது வேறு வரலாறு. இந்த எல்லை ஓரத்தில் காதல் கதைகள் எப்படி எழுதப்பட்டன, எழுதியவர்கள் எப்படிப் பிழைத்தார்கள், எப்படி உழைத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

'காதல் கதை எழுதுவதெல்லாம் ஒரு வரலாறா?' என்று சிலர் கேட்கலாம். ஒரு காலத்து மக்கள் எதற்கு ஆசைப்பட்டார்கள், யாரைக் கண்டு பயந்தார்கள், எந்த வீட்டுப் பெண் எந்த வீட்டுக்கு மருமகளாகப் போக முடியாது என்பதையெல்லாம் அரசாங்கக் கோப்பில் தேடினால் கிடைக்காது. அது தொடர்கதையில்தான் கிடைக்கும். நான் சித்தூர் தாலுகாக்காரன். எங்கள் ஊர் நூலகத்தில் சரித்திரப் புத்தகம் புதுசாகவே இருக்கும். காதல் நாவல்தான் அட்டை கிழிந்து, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இல்லாமல் கிடக்கும். எதை மக்கள் படித்தார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

கிளி எங்கிருந்து வந்தது?

மலையாளத்தில் காதல் தொடர்கதைக்கு ஒரு செல்லப் பெயர் உண்டு, வசைப் பெயரும் அதுதான்: பைங்கிளி. பச்சைக்கிளி என்று நாம் சொல்வதுதான். இந்தக் கிளிக்கும் எங்கள் சித்தூருக்கும் பழைய உறவு. மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் 16ஆம் நூற்றாண்டில் அத்யாத்ம ராமாயணத்தைக் கிளிப்பாட்டாகப் பாடினார். கிளியை அழைத்துக் கதை சொல்லச் சொல்லி, அது சொல்வதாகவே காவியம் நடக்கும். அவர் கடைசிக் காலத்தில் சித்தூருக்கு வந்து, சோகநாசினி என்று பேர் வைத்த ஆற்றங்கரையில் தங்கினார் என்பது மரபு. தெற்குக் கிராமத்தில் அவர் பேரில் குருமடம் இன்றும் உண்டு. தமிழர்களுக்கும் கிளி புதிதல்ல. ஆண்டாள் கையில் இருப்பது கிளி. தூது போகிற பறவைகளில் அதற்குத் தனி இடம். ஆக, காதலையும் பக்தியையும் கிளியிடம் சொல்லி அனுப்புவது மலைக்கு இருபுறமும் உள்ள பழக்கம்.

அந்தக் கிளி 20ஆம் நூற்றாண்டில் கோட்டயத்துப் பக்கம் வேறு அவதாரம் எடுத்தது. சங்ஙனாசேரிக்காரரான முட்டத்து வர்க்கி 1955இல் 'பாடாத்த பைங்கிளி' என்ற நாவலை வெளியிட்டார். 'பாடாத பைங்கிளி' என்பது பொருள். ஏழைப் பெண்ணுக்கும் பணக்கார வீட்டுப் பையனுக்கும் இடையிலான காதல். 1957இல் அது திரைப்படமும் ஆயிற்று. கதை அத்தனை பேரின் வாயிலும் புகுந்ததால், அந்த வகை எழுத்துக்கே 'பைங்கிளி சாகித்யம்' என்று விமர்சகர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு மனிதர் தன் புத்தகத்துக்கு ஆசையாக வைத்த பெயர் அவருக்கே ஏளனமாகத் திரும்பி வந்த கதை இது.

வர்க்கி பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிறகு 'தீபிகா' நாளிதழில் நெடுங்காலம் பணியாற்றியவர். அறுபதுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். அவற்றில் பல சினிமாவாயின. 1989இல் காலமானார். அவர் எழுதிய முறையைப் பார்த்தால் அதில் மர்மம் எதுவும் இல்லை. மூளையைத் திருகும் வாக்கியம் கிடையாது. கிறித்தவக் குடியானவன் வீட்டுப் பேச்சு, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மணக்கும் அடுக்களை, வரதட்சணைக் கவலை, பள்ளிக்கூட வழியில் ஒரு பார்வை. படிக்கிறவள் தன் வீட்டையே அதில் பார்த்தாள். மலையாளிகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவரே வர்க்கிதான் என்று பின்னாளில் சொன்னவர்கள் உண்டு. அது மிகையில்லை என்பது என் கணிப்பு.

மலையேறிய வார இதழ்கள்

இவற்றைப் படித்தவர்கள் யார்? இங்கேதான் இடுக்கி வருகிறது. 1940களின் உணவுப் பஞ்சத்துக்குப் பிறகு கோட்டயம், பாலா, சங்ஙனாசேரிப் பக்கத்துக் குடும்பங்கள் பிழைப்புத் தேடி உயர்நிலங்களுக்கு ஏறின. 1950களின் நடுவில் திருவிதாங்கூர்-கொச்சி அரசே குடியேற்றத் திட்டம் போட்டு, கல்லார் போன்ற இடங்களில் ஆளுக்கு ஐந்து ஏக்கர் என்று நிலம் கொடுத்துக் குடியேற்றியது. தமிழர் அந்தத் தாலுகாக்களைக் கேட்டுக் கொண்டிருந்த நேரம் அது என்பதையும் மறக்க முடியாது. யானைக்கும் மலேரியாவுக்கும் நடுவில் ஏறுமாடம் கட்டி வாழ்ந்த அந்தச் சனத்துக்கு, கீழே விட்டு வந்த ஊரின் வாசனை எழுத்தில் வந்தால் எப்படி இருக்கும்? மலையாள மனோரமா, மங்களம், மனோராஜ்யம் எல்லாம் 'ம' எழுத்தில் தொடங்கியதால் 'ம பிரசித்தீகரணங்கள்' என்று அவற்றைக் கேலி செய்தார்கள். கேலி ஒருபுறம் இருக்க, மங்களம் வார இதழ் 1980களில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

அதே மலையில், அடுத்த சரிவில், தேயிலைத் தோட்டத்து லயங்களில் நம்மாட்கள் இருந்தார்கள். திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து கங்காணிமாரால் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்கள் கையில் 'ராணி'யும் 'குமுத'மும். ஒரே பஸ்ஸில் இரண்டு மொழிப் புத்தகக் கட்டும் ஏறி வரும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு பொண்ணு இருந்தால் போதும். கொழுந்து எடுத்துவிட்டு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து, 'அப்புறம் என்னாச்சுடி, படி' என்று நாலு பேர் கேட்பார்கள். இலக்கிய வரலாறு எழுதுபவர்கள் இந்த 'அப்புறம் என்னாச்சு'வைக் கணக்கில் எடுப்பதில்லை.

தொடர்கதை எழுத்தாளரின் வாழ்க்கை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வாழ்க்கைதான். அச்சுக்கு ஒன்றிரண்டு வாரம் முந்தி மட்டுமே அவர் ஓட முடியும். எழுதிய அத்தியாயம் அச்சாகிவிட்டால் திருத்த முடியாது. கொன்ற பாத்திரத்தை எழுப்ப முடியாது. ஒவ்வொரு வாரமும் ஒரு முடிச்சோடு நிறுத்த வேண்டும். நாயகி அழுதால் கடிதம் வரும், நாயகன் கெட்டவனானால் திட்டிக் கடிதம் வரும். ஒரே சமயத்தில் பல இதழ்களுக்குத் தொடர் எழுதியவர்கள் உண்டு. இது கைத்தறி நெய்வது மாதிரி ஒரு தொழில். தறி நின்றால் கூலி நின்றுவிடும்.

தமிழில் இதற்கு நேரான உதாரணம் 'லட்சுமி' என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி. 1921இல் திருச்சி மாவட்டம் தொட்டியத்தில் பிறந்தவர். மருத்துவம் படிக்கும்போது வீட்டில் பணத்தட்டுப்பாடு. ஆனந்த விகடன் வாசன் ஆதரவில் கதை எழுதி, அந்தச் சன்மானத்தில் படிப்பை முடித்தார். 1955இல் தென்னாப்பிரிக்கா போய்ச் சுமார் இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்து 1977இல் திரும்பினார். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 'குடும்பக் கதைதானே' என்று ஒதுக்கப்பட்ட எழுத்துதான் ஒரு பெண்ணை டாக்டராக்கியது. நம்மைப்போல் கடல் கடந்து வந்தவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நாற்றுப்புரையில் பன்னிரண்டு ஆண்டு

இப்போது மலையிலிருந்து கணவாய்க்கு இறங்குவோம். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த ஒரு பெரிய இடைவெளி. சுமார் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலம். அந்த வழியாகக் காற்று மட்டுமா வந்தது? தறிக்காரர், வணிகர், அந்தணர், தமிழ் பேசும் ராவுத்தர் எல்லாரும் வந்தார்கள். பாலக்காட்டு ராவுத்தர் வீட்டில் இன்றும் தமிழ் உண்டு. வெளியே மலையாளம், உள்ளே தமிழ், தொழுகையில் அரபு.

ஓ.வி. விஜயன் 1930இல் இந்த மண்ணில் பிறந்தவர். தந்தை மலபார் சிறப்புக் காவல் படையில் அதிகாரி. உடல்நலம் குன்றிய பிள்ளை என்பதால் சிறு வயதில் பெரும்பாலும் வீட்டிலேயே படிப்பு. பிறகு பாலக்காடு விக்டோரியா கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில எம்.ஏ. விரிவுரையாளர் வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில் போகவும் செய்தது. 1956இல் அவருடைய தங்கை சாந்தாவுக்குத் தஸ்ராக் என்ற குக்கிராமத்தில் ஓராசிரியர் பள்ளியில் வேலை. சின்னப் பெண்ணைத் தனியே விட முடியாது என்று பெற்றோர் அங்கே வயலோரத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். வேலையில்லாத அண்ணனும் அங்கே போய்ச் சேர்ந்தார். மலையாளத்தில் அந்த வீட்டை 'ஞாற்றுப்புர' என்கிறார்கள். ஞாறு என்றால் நம் நாற்று. நாற்றுப்புரை என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். இன்று அது விஜயன் நினைவிடம்.

அங்கே அவர் எழுத நினைத்தது காதல் கதை அல்ல. இடதுசாரி மனம், ஒரு புரட்சி நாவல் எழுதிவிட வேண்டும் என்று திட்டம். அப்போது உலகம் குறுக்கே வந்தது. 1956இல் ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்தன. 1958இல் இம்ரே நாகி தூக்கிலிடப்பட்டார். விஜயனின் நம்பிக்கை உடைந்தது, கூடவே அந்த நாவலின் திட்டமும் உடைந்தது. எஞ்சியது தஸ்ராக்கில் கண்ட மனிதர்களும் அவர்கள் பேச்சும் மட்டும். அதே 1958இல் அவர் தில்லிக்குப் போய்ச் சங்கர்ஸ் வீக்லியில் கார்ட்டூனிஸ்ட் ஆனார். பகலில் அரசியல்வாதிகளை வரைந்துவிட்டு, இரவில் பாலக்காட்டுக் கரிம்பனைகளின் காற்றை எழுதினார். எழுதுவார், கிழிப்பார், மறுபடி எழுதுவார். இப்படிப் பன்னிரண்டு ஆண்டு. 1968இல் 'கசாக்கின்றெ இதிகாசம்' மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்தது, 1969இல் நூலாயிற்று.

நூலில் தஸ்ராக் கசாக் ஆயிற்று. தங்கையின் பள்ளிக்கூடத்துக்கு ரவி என்ற வாத்தியார் வந்தார். ராவுத்தர்கள், ஈழவர்கள், மொல்லாக்கா, பூசாரி, தையல்காரர் மாதவன் நாயர் எல்லாரும் கதைக்குள் வந்தார்கள். நைஸாமலிக்கும் மைமுனாவுக்கும் காதல். மைமுனாவுக்குக் கல்யாணம் வேறொருவரோடு. ரவியைத் தேடி வரும் பத்மா, அவள் அழைப்புக்குப் பின்னும் அவன் கொள்ளும் முடிவு. இதெல்லாம் ஒரு பைங்கிளித் தொடருக்கும் போதுமான சரக்குதான். கிளியும் இருக்கிறது: தும்பிகளைப் பிடித்துத் திரியும், மனவளர்ச்சி குன்றிய அப்புக்கிளி. பறக்கும் தும்பிகள் இறந்தவர்களின் நினைவுகள் என்பது கசாக்கின் நம்பிக்கை. எழுத்தச்சனின் கிளி ராமகதை சொன்னது, வர்க்கியின் கிளி பாடாமல் அழுதது, விஜயனின் கிளி செத்தவர்களின் நினைவைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத் திண்ணைக்கு வந்தது.

2014இல் யூமா வாசுகி இதைக் 'கசாக்கின் இதிகாசம்' என்று தமிழாக்கினார். அதற்கு சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருதும் கிடைத்தது. என்னைக் கேட்டால், அது மொழிபெயர்ப்பு மட்டுமில்லை, பாதி வீடு திரும்புதல். ராவுத்தரின் பேச்சில் இருந்து மலையாளத்துக்குப் போன தமிழ்க் காற்று மறுபடி கணவாய் வழியாகக் கிழக்கே வந்தது. விஜயன் 2005 மார்ச் 30 அன்று ஹைதராபாத்தில் மறைந்தார்.

இலங்கைக்குப் போன அப்பா

பாலக்காடு மாவட்டத்தின் மேற்குக் கோடியில், நிளா என்னும் பாரதப்புழையின் கரையில் கூடல்லூர். எம்.டி. வாசுதேவன் நாயர் 1933இல் அங்கே பிறந்தார். அவரும் விக்டோரியா கல்லூரிதான். 1953இல் வேதியியல் பட்டம். பிறகு மாத்ருபூமி வார இதழில் வேலை. வாரந்தோறும் பிறர் எழுத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே தன் நாவல்களையும் எழுதியவர். 'நாலுகெட்டு' 1958, 'மஞ்ஞு' 1964, 'காலம்' 1969, 'ரண்டாமூழம்' 1984. 1995ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது. 2024 டிசம்பர் 25 அன்று காலமானார்.

அவருடைய காதல் நாவல் 'மஞ்ஞு'. பனி என்று பொருள். பிற நாவல்களில் தன் ஊரையும் தறவாட்டையும் விட்டு அதிகம் நகராத எம்.டி. இதில் இமயமலை நைனிதாலுக்குப் போகிறார். விடுதிப் பள்ளி ஆசிரியை விமலா, எப்போதோ ஒரு பருவத்தில் வந்து போன சுதீர்குமார் மிஸ்ராவுக்காகக் காத்திருக்கிறாள். ஏரியில் படகு ஓட்டும் புத்து, தான் பார்த்தேயிராத வெள்ளைக்கார அப்பாவுக்காகக் காத்திருக்கிறான். சம்பவம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வாரா வாரம் முடிச்சுப் போட முடியாத கதை. காத்திருப்பதே கதை.

இந்தக் காத்திருப்பு எங்கிருந்து வந்தது? எம்.டி.யின் தந்தை இலங்கையில் வேலை பார்த்தவர். மலபாரிலிருந்து அன்று கொழும்புக்கும் கண்டிக்கும் போனவர்கள் ஏராளம். 'நின்றெ ஓர்மய்க்கு' என்ற சிறுகதையில், அப்பா இலங்கையிலிருந்து ஒரு சிங்களச் சிறுமியைக் கூட்டி வருகிறார். வீட்டில் புயல். பாஷை தெரியாத அந்தப் பெண், தன் தம்பி என்று நினைக்கும் சிறுவனிடம் ஒரு ரப்பர் ஆந்தையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். பல ஆண்டு கழித்து 'கடுகண்ணாவ' என்ற கதையில், வளர்ந்துவிட்ட மனிதர் கண்டிச் சாலையில் அவளைத் தேடிப் போகிறார். இது நம் வீட்டுக் கதையும்தானே? போன இடத்தில் ஒரு குடும்பம், விட்ட இடத்தில் ஒரு குடும்பம். இலங்கைக்கும், மலாயாவுக்கும், பர்மாவுக்கும் ஆள் அனுப்பிய எந்தத் தமிழ்க் கிராமத்திலும் ஒரு ரப்பர் ஆந்தை இருக்கும். யாரும் அதை வெளியே எடுப்பதில்லை.

டாக்டர் எழுதிய காதல்

கசாக் நூலான அதே 1969இல், கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையில் பிறந்த இன்னொரு நாவல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பி.எச். டேனியலின் 'ரெட் டீ'. டேனியல் 1940களில் தொடங்கி வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். தொழிலாளர் பக்கம் நின்று சங்கம் கட்டியவர். வைத்தியத்துக்கு வந்த முதியவர்களிடம் பழைய கதைகளைக் கேட்டுச் சேர்த்தார். நோயாளியின் நாடியைப் பிடித்த கையே பேனாவையும் பிடித்தது. 1920களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மேஸ்திரியின் ஆசை வார்த்தையை நம்பி மலையேறும் கருப்பன், வள்ளி என்ற இளம் தம்பதியின் கதை அது. அட்டை, குளிர், காய்ச்சல், கடன், துரை. இத்தனைக்கும் நடுவில் அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் நாவலின் உயிர். அதைப் போராட்ட நாவல் என்றுதான் எல்லாரும் சொல்வோம். நான் காதல் நாவல் என்றும் சொல்வேன். 2007இல் இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொண்டுவந்தார். 2013இல் வந்த பாலாவின் 'பரதேசி'க்கு அடிப்படையும் இதுதான்.

காலமும் கூலியும்

ஐந்து எழுத்தாளர்களைப் பார்த்துவிட்டோம். இவர்களைப் பைங்கிளி, இலக்கியம் என்று இரண்டாகப் பிரிப்பது பழக்கம். பிரிக்கும் கோடு எது? காதல் அல்ல, அது எல்லாரிடமும் இருக்கிறது. தொடர் என்பதும் அல்ல. கசாக்கே ஒரு வார இதழில் தொடராக வந்ததுதான். எனக்குத் தெரிவது, எழுதுகிறவருக்குக் கிடைத்த நேரம். விஜயனுக்குக் கார்ட்டூன் சோறு போட்டது, அதனால் நாவல் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க முடிந்தது. டேனியலுக்கு மருத்துவம் சோறு போட்டது. எம்.டி.க்கு இதழாசிரியப் பணி. தொடர்கதையே சோறு போட வேண்டியிருந்தவர்களுக்கு அடுத்த வாரம் வந்துவிடும். இதனால் எல்லா எழுத்தும் ஒரே தரம் என்று நான் வாதாட வரவில்லை. கசாக்கின் ஒரு பக்கத்துக்கு நூறு தொடர்கள் ஈடாகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் முதலில் படிக்கப் பழகிய கண்தான் பிறகு கசாக்குக்கு வரும். அந்தக் கண்ணைத் திறந்துவிட்டவரை வசைபாடுவது நன்றி ஆகாது.

கேரளம் இதை ஒருவகையில் ஒப்புக்கொண்டது. வர்க்கி மறைந்த பின் அவர் பேரில் ஒரு இலக்கிய விருது ஏற்படுத்தினார்கள். 1992இல் அதன் முதல் விருது யாருக்குப் போயிற்று தெரியுமா? ஓ.வி. விஜயனுக்கு. 1994இல் எம்.டி.க்கு. பைங்கிளி என்று ஏசப்பட்டவரின் பெயரைத் தாங்கிய பரிசை, அந்த மொழியின் ஆகப் பெரிய நாவலாசிரியர்கள் கைநீட்டி வாங்கிக்கொண்டார்கள். நம் தமிழில் லட்சுமியின் பெயரிலோ, ரமணிசந்திரனின் பெயரிலோ ஒரு விருது வைத்து, அதைத் தீவிர எழுத்தாளர் ஒருவர் மகிழ்ந்து வாங்கும் நாளை நினைத்துப் பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. ராவுத்தரின் காதலை விஜயன் மலையாளத்தில் எழுதினார். கருப்பன்-வள்ளி கதையை டேனியல் ஆங்கிலத்தில் எழுதினார். இரண்டும் பிறகுதான் மொழிபெயர்ப்பாய்த் தமிழுக்கு வந்தன. எல்லைப்புறத் தமிழரின் மனசு இரண்டு முறை அடுத்த வீட்டு வழியாகவே நம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. எழுதியவர்கள் மீது குறையில்லை, அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் மூணாறு லயத்திலிருந்து, கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்பிலிருந்து கிளம்பி உலகமெங்கும் போயிருக்கும் பிள்ளைகள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நம் சங்கத்திலும் இருக்கிறார்கள். பாட்டி எந்த ஊரிலிருந்து, யாரை நம்பி, எந்தப் பாதையில் மலையேறினாள் என்று அவர்கள் கேட்டு எழுதி வைக்க வேண்டும். டேனியல் செய்ததும் அவ்வளவுதான்: கேட்டார், எழுதினார். அந்தப் பாட்டிமார் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஆசையாகக் கேட்டால் அவர்கள் சொல்வார்கள்; வெட்கப்பட்டுக்கொண்டாவது சொல்வார்கள்.